நடுங்காத புள்ளி

அவள் கணவனின் போனுக்கு வயதாகிவிட்டது. காலையில் வயிறு முட்டச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினாலும் முற்பகலிலேயே மூச்சு வாங்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடிவிடும். அப்படிப்பட்ட போன் பிற்பகலில் நூறு சதவீதம் என்று காட்டியது. அடுத்த நாளும் நூறு. அதற்கடுத்த நாளும் அதே நூறு. வேறு யாராக இருந்தாலும் புது பேட்டரி போட்டிருப்பார் என்று நினைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். அவளுக்கு மூக்கில் வியர்த்தது.

அலுவலகத்தில் அவளுக்கு நொட்டை என்று பெயர். மற்றவர்கள் தூக்கம் கெட்டுக் கட்டிய செயலியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பிடித்து நொட்டை சொல்வதுதான் அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. அலுவலகம் என்றால் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறை. கீழே யாருக்காவது பல்லைக் குடையும்போது மேலே எல்லாரும் ஒரு நிமிடம் தாடையைத் தடவிக்கொள்வார்கள். அங்கே அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு குடும்பச் செயலி. வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள், அவர்கள் போனில் சார்ஜ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒரே கணக்கை எத்தனை போனில் வேண்டுமானாலும் திறக்கலாம். ஆனால் இடத்தைச் சொல்லும் போன் இதுதான் என்று ஒன்றை மட்டும் குறித்து வைக்க வேண்டும். வெளியே விடுவதற்கு முன் உங்கள் வீட்டாரையே வைத்துச் சோதித்துப் பாருங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவளும் கணவனையும் தன் அக்காவையும் சேர்த்துவிட்டாள். சோதனை எலிகள் வெளியே தேட வேண்டாம், வீட்டிலேயே கிடைக்கும்.

முதலில் அவள் செயலியைத்தான் சந்தேகப்பட்டாள்; அதை மெச்சித்தான் ஆகவேண்டும். அக்காவின் சார்ஜைப் பார்த்தாள். காலையில் எண்பது, மதியம் நாற்பது என்று ஒழுங்காக இறங்கியது. பக்கத்து மேசை டெவலப்பரின் போனைப் பார்த்தாள். அவனுக்குச் சார்ஜர் என்று பெயர். சொந்தமாகச் சார்ஜர் வாங்காமல் ஊரெல்லாம் இரவல் கேட்பவன். அவன் போன் வழக்கம்போல் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது.

"தம்பி, ஒரே ஒருத்தருக்கு மட்டும் பேட்டரி எப்பவும் நூறுன்னே வருது. என்னன்னு பாரேன்."

அவன் எதையோ தட்டிப் பார்த்தான். "தப்பு ஒன்னும் இல்லக்கா. அந்த போன் எந்நேரமும் சார்ஜ்லயே கெடக்கு." பிறகு சிரித்தான். "நம்ம எமுலேட்டர் மாதிரி."

அவன் விளையாட்டாகச் சொன்னதுதான். அவள் சிரிக்காமல் தன் மேசைக்குத் திரும்பினாள்.

எமுலேட்டர் என்றால் கணினிக்குள் ஓடும் போலி போன். நிஜ போன்கள் பத்து வாங்கி அடுக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. கருவிகளோடு வந்த பெரிய எமுலேட்டரை அவளுடைய அலுவலக மடிக்கணினியில் திறந்தால், உள்ளே இருக்கும் விசிறி மிக்ஸி போல் அலறும். பத்து நிமிடம் கழித்துத் திரை உறைந்துபோகும். இலேசான எமுலேட்டர் ஒன்று கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கிடந்த ஓட்டை மடிக்கணினியில் போட்டுப் பார்த்தாள். அதில் ஓடினால் எதிலும் ஓடும் என்பது கணக்கு.

அன்று கணவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவன் ஒரு உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். பொருளை எங்கே வைத்தோம் என்பதில் கெட்டி. கணினி பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். அவள்தான் பெருமை பிடிபடாமல் காட்டிக்கொண்டே போனாள். கணினி துவங்கும்போதே உள்ளே போய் இந்த ஒரு அமைப்பை முடுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆமை வேகம்தான். போலி போனுக்கு நினைவகத்தை அள்ளிக் கொடுக்கக் கூடாது, ஒரு ஜி.பி. போதும். திரையைச் சின்னதாக்கு, ஒலியை அணை, சுற்றிப் போடும் போன் படமெல்லாம் வெறும் அலங்காரம், எடுத்துவிடு. பழைய ஆண்ட்ராய்டு போடு. செயலிக் கோப்பை இழுத்து அதன்மேல் விட்டால் தானே ஏறிக்கொள்ளும். கடைசியில் வரைபடத்தைத் திறந்து ஓரிடத்தில் குத்தினாள்.

"இப்ப பாருங்க. நான் இங்க மேஜைல உக்காந்திருக்கேன். ஆப் என்னைப் பாலத்து மேல நிக்கறதா நினைச்சுக்கிட்டிருக்கு."

"அப்ப யாரை வேணாலும் ஏமாத்தலாமா?"

"கம்பெனியைத் தவிர எல்லாரையும்" என்று சொல்லி அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். மூடியை மூடினாலும் தூங்காமல் ஓடுமா என்று அப்புறம் ஒரு கேள்வி கேட்டான். அதையும் அவளே சொல்லிக் கொடுத்தாள். தன் தொழிலில் அவனுக்கு ஆர்வம் வந்துவிட்டதென்று அன்றைக்கெல்லாம் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

இப்போது அவள் வரைபடத்தை விரலால் விரித்து, கணவனின் புள்ளியை நெருங்கிப் பார்த்தாள். நிஜ போனின் புள்ளி ஓரிடத்தில் நிற்காது. ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் அது சுவரைத் தாண்டும், தெருவில் இறங்கும், திரும்பி வரும்; சிக்னல் அப்படி. அக்காவின் புள்ளி அவள் வீட்டுச் சமையலறைக்கும் பக்கத்து வீட்டுக் கொல்லைக்குமாக நடுங்கிக்கொண்டிருந்தது. கணவனின் புள்ளி கிடங்கின் நட்ட நடுவில் ஆணி அடித்தது போல் நின்றது.

நடைபாதைக்குப் போய் அக்காவுக்குப் போன் செய்தாள். அக்காவிடம் சொல்வது எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றுகிற வேலை என்று தெரிந்தேதான் செய்தாள். அக்காவின் கணவர் பல வருடமாக இன்னொரு குடும்பம் வைத்திருந்து, குட்டு வெளிப்பட்டதும் அந்தப் பக்கமே போய்விட்டவர். அதுவரை அக்கா அவரைத் தங்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவர் அப்படிப்பட்டவர் இல்லக்கா" என்றாள் இவள்.

"நானும் அதையேதான் சொன்னேன். இதே வார்த்தை. என்னை மாதிரி ஏமாளியா நிக்காதே. கண்ணால பாரு. பார்த்துட்டு அந்த வீட்ல ஒரு ராத்திரிகூடத் தங்காதே, நேரா இங்க வந்துடு. உள் ரூமை ஒழிச்சு வைக்கறேன்."

இவள் சரி என்றாள். ஏமாளியாக நிற்பதைவிட ஒண்டியாக நிற்பது மேல் என்று அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்த நாட்களிலேயே முடிவு செய்திருந்தாள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனிதனை நம்பலாமா, கூடாதா. கூடாது என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனாள். ஓட்டை மடிக்கணினி அதன் வழக்கமான அலமாரியில் இல்லை. துணி பீரோவைத் திறந்தால் கீழ்த் தட்டிலிருந்து சூடு அடித்தது. மடித்த போர்வைகளுக்கு அடியில் அது மூடிய வாக்கில் உறுமிக்கொண்டிருந்தது. பின்பலகையில் துளை போட்டு வயரை இழுத்திருந்தான். திறந்து பார்த்தாள். சின்னத் திரை, அலங்காரம் இல்லை, ஒலி இல்லை. செயலியில் கணவனின் கணக்கு. இடம், கிடங்கின் நடு மையம். நினைவகத்தை அவள் சொன்னதிலும் பாதியாகக் குறைத்து, அப்படியும் திணறாமல் ஓட வைத்திருந்தான். அலுவலகத்தில் படித்த பிள்ளைகள் இருவருக்கு அவள் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தும் வராத வேலை அது. ஒரு கணம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமைக்காகத் தன் கன்னத்திலேயே இரண்டு போட்டுக்கொள்ளத் தோன்றியது.

போர்வைகளை இருந்தபடியே மூடினாள். வீடு தீப்பற்றி எரியாமல் இருந்தால் சரி.

இரவுச் சாப்பாட்டில், "இன்னைக்கு வேலை அதிகமா?" என்று கேட்டாள்.

"எப்பவும் போலத்தான். லாரி ரெண்டு வந்துச்சு." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். "நீ? எங்கயாவது வெளிய போனியா?"

"நான் எங்க போறேன். ஆபீஸ்தான்."

"நாள் பூராவா?"

"நாள் பூராவும்."

அவன் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தான். செய்கிற தப்பையும் செய்துவிட்டு என்னைக் குறுக்கு விசாரணை வேறு செய்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து கேட்டுவிடலாம். கேட்டால் இல்லை என்பான். இல்லை என்று சொன்ன பிறகு அவள் கையில் என்ன இருக்கும்?

மறுநாள் கிடங்குக்குப் போன் செய்தாள். வேறு யாரோ எடுத்தார்கள். "அவரா? அவர்தான் காலை ஷிப்ட் கேட்டு வாங்கிட்டாரே. மதியம் மணி அடிச்சா ஆள் நிக்க மாட்டார். வீட்ல சொல்லலையா?" என்றது அந்தக் குரல். அந்தக் கடைசிக் கேள்வியில் இருந்த இரக்கத்தை அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் முற்பகல் வேலையை முடித்து, பிற்பகல் சோதனைக்கு எமுலேட்டரை ஓடவிட்டபடியே அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கிடங்கின் எதிரே நகலெடுக்கும் கடையில், பழைய ரசீது ஒன்றைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துக்கொண்டு நின்றாள். மணி அடித்ததும் கணவன் வந்தான். சட்டையை மாற்றியிருந்தான். வீட்டுக்குப் போகும் பேருந்தை விட்டுவிட்டு எதிர்த்திசைப் பேருந்தில் ஏறினான். அவள் பின்படி வழியாக ஏறி, நகல்களை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற அம்மாள் அதை எட்டிப் படித்துக்கொண்டே வந்தாள்.

ஆற்றோரச் சாலையில் அவன் இறங்கினான். அங்கே சாலைக்கு அந்தப் பக்கம் மூன்று மாடி லாட்ஜ் ஒன்று. தானே திறந்து மூடும் கண்ணாடிக் கதவு. இந்தப் பக்கம் நிறுத்தத்துப் பெஞ்சு. அவன் பெஞ்சில் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவையே பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடி கதவைப் பார்த்தான். பேருந்துகள் வந்தன, போயின. அவன் எதிலும் ஏறவில்லை.

அவள் ஒரு சாவி செய்பவரின் பெட்டிக்கடை மறைவில் நின்றாள். "சாவி போடணுமாம்மா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்ததால், சும்மா நிற்க முடியாமல் வீட்டுச் சாவியைக் கொடுத்து இன்னொன்று போடச் சொன்னாள். அவர் அராவுகிற சத்தத்தில் அவளுக்குப் பல் கூசியது. வரப்போகிறவள் எப்படி இருப்பாள் என்று மனசு தானாகப் படம் போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எட்டிப் பார்த்தாள். பெட்டி இழுத்த ஒரு கிழவர் வந்தார். சீருடைப் பெண் ஒருத்தி குப்பைப் பையோடு வந்து திரும்பிப் போனாள். சாவி தயாராகிவிட்டது. எவளும் வரவில்லை. இதற்கு மேல் பொறுக்க முடியாமல் அவள் நேராகப் பெஞ்சுக்கு நடந்தாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டவன் துள்ளி எழுந்திருக்க வேண்டும். அவன் எழுந்திருக்கவில்லை. அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்துவிட்டது.

"வந்துட்டியா" என்றான்.

"யார் அவ?"

"எவ?"

"உள்ள இருக்கறவ."

"உள்ள இருக்கறது நீதான்" என்று அவன் போனை நீட்டினான்.

வரைபடத்தில் ஆறு, சாலை, லாட்ஜ். லாட்ஜின் மேல் அவளுடைய படம் போட்ட புள்ளி, ஆடாமல் அசையாமல்.

"மதியமானா இங்க வந்துடறே. சாயங்காலம் ஆபீஸுக்குப் போயிடறே. வீட்டுக்கு வந்து நாள் பூரா ஆபீஸ்தான்னு சொல்றே." குரல் உடைந்தது. "இன்னைக்குத்தான் நேர்ல பார்க்கறேன்."

அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. சோதனைக்கென்று அலுவலகத்தில் தனிக் கணக்கு உண்டு. அதற்குள் நுழைய ஒவ்வொரு முறையும் சார்ஜரின் போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அவன் எங்கேயாவது சார்ஜர் இரவல் கேட்கப் போயிருப்பான். யார் காத்திருப்பது என்று அவள் தன் சொந்தக் கணக்கையே போலி போனில் திறந்து, இடத்தைச் சொல்லும் போனாக அதையே குறித்துவைத்து, சாயங்காலம் நிஜ போனுக்கு மாற்றிக்கொண்டாள். பிற்பகல் சோதனைக்கு அலுவலகத்திலிருந்து தள்ளி ஓரிடம் வேண்டியிருந்தது. ஆற்றோரம் எழுத்துப் பெரிதாகத் தெரிந்த இடத்தில் குத்தினாள். அது லாட்ஜா பள்ளிக்கூடமா என்று வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

"இது போலி போன்ங்க. என் மேஜைல ஓடிக்கிட்டிருக்கு. உங்களுக்குக் காட்டினேனே, அதேதான். உங்களுக்கு அது தோணவே இல்லையா?"

"தோணுச்சு. முதல் நாளே தோணுச்சு. ஆனா பொய்யா ஒரு எடத்தைக் காட்டறவ ஆபீஸைத்தானே காட்டுவா? யாராவது பொய்யா லாட்ஜைக் காட்டுவாங்களா?"

அவனும் பொய்யாகக் கிடங்கைத்தான் காட்டியிருந்தான்.

"அப்ப நீங்க ஏன் பீரோவுல அதை ஒளிச்சு வச்சீங்க?"

"நான் இங்க உக்காந்திருக்கறது தெரிஞ்சா நீ வேற எடத்துக்குப் போயிடுவே. அதான் என்னைக் கிடங்குலயே விட்டுட்டு வந்தேன்."

அவள் சார்ஜரைப் போனில் பிடித்து, ஒலிபெருக்கியில் போட்டாள். "தம்பி, என் மேஜைல எமுலேட்டர் ஓடுதா?"

"ஓடுதுக்கா. ஆத்தோரமா நிக்குது."

"அந்தப் புள்ளியை எடுத்து நடு ஆத்துல போடு."

"ஏன்க்கா, என்ன சோதனை?"

"போடு சொல்றேன்."

கணவன் கையிலிருந்த வரைபடத்தில் அவள் லாட்ஜை விட்டு எழும்பி ஆற்றின் நடுவே போய் நின்றாள். சார்ஜ் நூறு சதவீதம். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான், சிரித்தான், மறுபடியும் துடைத்துக்கொண்டான். "பாவிப்பய போனு" என்றான். இத்தனை நாள் தூங்காத முகம் அது என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தொட வேண்டும் போல் இருந்தது. தொட்டாள்.

"இத்தனை நாள் நான் வரவே இல்லையே. ஒரு நாளாவது, நம்ம ஆள் வரல, இதெல்லாம் தப்புன்னு சந்தோஷப்பட்டீங்களா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை. "இல்ல. பின்வாசல் இருக்குமோன்னு போய்ப் பார்த்தேன்."

"இருக்கா?"

"இருக்கு. அந்தச் சந்துல."

அவன் எழுந்து பையை மாட்டிக்கொண்டான். எல்லாம் தெளிந்தவனாக, பத்து வயது குறைந்தவனாக, "வா, வீட்டுக்குப் போலாம்" என்றான்.

அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். அவளை நிரூபிக்க ஆற்றில் ஒரு புள்ளி இருந்தது. அவனை நிரூபிக்க அவன் வாய் ஒன்றுதான் இருந்தது. அவன் சொன்னது எல்லாம் பொருந்தியது. ஒரு இடத்திலும் இடறவில்லை. ஓட்டையே இல்லாத ஒன்றை அவள் தன் வேலையில் இதுவரை பார்த்ததில்லை. சட்டையை ஏன் மாற்றினான்? அவன் கணக்கில் நூறு சதவீதத்தைப் பார்க்கத் தொடங்கியது முதலிலா, இந்தக் கரையில் அவள் புள்ளி குத்தத் தொடங்கியது முதலிலா? யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. பின்வாசல் எந்தச் சந்தில் என்றுகூட அவனுக்குத் தெரிகிறது. இதையெல்லாம் நினைப்பதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது, கண்ணில் நீர்கூட வந்தது. ஆனாலும் அந்தக் கண் கண்ணாடிக் கதவை விட்டு நகரவில்லை.

பேருந்து வந்து நின்றது. "ஏறலையா?" என்றான் அவன்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துட்டுப் போலாமே" என்றாள் அவள்.

யாரைப் பார்க்க என்று கேட்கத்தான் அவன் வாயெடுத்தான். அவள் பார்க்கும் திசையைப் பார்த்தான்; அவள் முகத்தைப் பார்த்தான்; இத்தனை நாள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேருந்தைப் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு, பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.